ஒரு தரம், இரண்டு தரம், லின்லித்கோ

எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோவுக்கு ஒன்பது வருடமாக ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். ஹேமார்க்கெட்டில் ஏறி, இடம் பிடித்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து காபியைக் குடித்து முடிப்பதற்குள் லின்லித்கோ வந்துவிடும். சுற்றுலா வந்தவர்கள் அங்கே ஸ்காட்லாந்து ராணி மேரி பிறந்த அரண்மனையைத் தேடுவார்கள். நான் பார்ப்பது வேறு. ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய கல் கட்டடம் நிற்கும். கூரைமேல் கோயில் விமானம் மாதிரிக் குறுகிக்கொண்டே போகிற ஒரு தொப்பி. அதற்கு இங்கே பகோடா என்று பெயர். (தின்கிற பக்கோடா நினைவுக்கு வருவதை ஒன்பது வருடத்தில் என்னால் நிறுத்த முடியவில்லை.) முளைகட்டிய பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது புகை போவதற்கு வைத்த கூண்டு அது. இப்போது அங்கே பார்லியும் இல்லை, புகையும் இல்லை. ஜன்னல்களில் திரைச்சீலை தொங்குகிறது. ஃபிளாட்டுகளாக்கிவிட்டார்கள்.

அதுதான் செயிண்ட் மேக்டலீன் டிஸ்டிலரி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1983-இல் மூடியது. அங்கே காய்ச்சிய விஸ்கியை ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு எப்போது ஆசை வந்தது என்று தெரியவில்லை. கடையில் கிடைக்காது. கிடைக்கிற ஒரே வழி ஏலம். போன வருடத்துக்கு முந்தைய வருடம், 2024 அக்டோபரில், ஸ்காட்லாந்தில் இருக்கும் ஓர் இணைய ஏலக்கடையில் இரண்டு பாட்டில் எடுத்தேன். அந்தக் கடையைப் பற்றியும் பாட்டில்களைப் பற்றியும்தான் இந்த விமர்சனம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது பாதியில் புரியும்.

முதலில் ஒன்று. இந்த மூடிய டிஸ்டிலரிகள் எல்லாம் ஏதோ ரகசியப் பக்குவம் தெரிந்தவர்கள் நடத்தியவை, காலம் கொன்றுவிட்டது என்று ஏலக்காரர்கள் எழுதுவார்கள். நம்பாதீர்கள். 1970களில் இஷ்டத்துக்குக் காய்ச்சிப் பீப்பாய்களை அடுக்கினார்கள். அப்புறம் எண்ணெய் விலை ஏறியது, பொருளாதாரம் படுத்தது, இளசுகள் வோட்கா பக்கம் போனார்கள். கிடங்கு நிறைய சரக்கு, வாங்க ஆளில்லை. டிஸ்டில்லர்ஸ் கம்பெனி என்ற பெரிய முதலாளி 1983-இல் மட்டும் ஏறக்குறைய ஒரு டஜன் டிஸ்டிலரிகளுக்குப் பூட்டுப் போட்டது. ஐலா தீவின் போர்ட் எலன், வடக்கே ப்ரோரா, இன்வர்னஸில் கிளென் மோர், கிளென் ஆல்பின், நம்ம லின்லித்கோ. அன்றைக்கு இவற்றில் காய்ச்சியதை யாரும் தனியாக வைத்துக் கொண்டாடவில்லை. பெரும்பாலும் கலவை விஸ்கிகளுக்குள் போய்ச் சேர்ந்த சரக்கு அது. சாம்பாருக்குள் கரைந்த பருப்புக்குத் தனிப் பெயர் உண்டா? அப்படித்தான். எந்த ஆலை பழையது, எதைப் புதுப்பிக்கச் செலவு அதிகம், எது இல்லாவிட்டாலும் கலவை கெடாது என்று கணக்குப் பார்த்து மூடினார்கள். மூடிய பிறகு கிடங்குகளில் மிஞ்சிய பீப்பாய்கள் இருபது, முப்பது வருடம் கிடந்து முதிர்ந்தன. அவற்றை வேறு ஆலைச் சரக்கோடு கலக்காமல், தனி மால்ட்டாகப் பாட்டிலில் அடைத்தபோதுதான் உலகம் முழித்துக்கொண்டது.

எங்கள் கிராமத்துக் கோயில் திருவிழாவில் வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். ஒரு தரம், இரண்டு தரம் என்று பூசாரி இழுக்க இழுக்க, பத்து ரூபாய்ப் பழம் ஆயிரக்கணக்கில் போகும். எடுத்தவர் அதைப் பிழிந்து சாதம் கிளறமாட்டார். நான் ஏலப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்த என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "இது குடிக்கவா, சாமி படத்துக்குக் கீழே வைக்கவா?" என்பதுதான். அவர் குடிப்பதில்லை. ஆனால் சரியான இடத்தில் கைவைத்தார். இங்கே ஏலம் எடுப்பவர்களில் நிறையப் பேர் பாட்டிலைத் திறப்பதே இல்லை. அடுத்தவருக்கு விற்க வாங்குகிறார்கள், அவர் அதற்கடுத்தவருக்கு. நான் திறப்பதற்காகத்தான் வாங்கினேன்.

சரி, கடைக்கு வருவோம். மாதம் ஒரு ஏலம். வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வாரம் ஞாயிறு இரவு முடியும். ஒவ்வொரு ஏலத்திலும் ஆயிரக்கணக்கான பாட்டில்கள். படங்களில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பக்கம், பின்பக்கம், மூடி, அடிக்கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஆறேழு படம். லேபிளில் ஒரு கீறல் இருந்தாலும் எழுதிவிடுகிறார்கள். முக்கியமாகத் திரவ மட்டம். பழைய பாட்டிலில் மூடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கழுத்தில் நின்றால் நல்லது, தோளுக்கு இறங்கிவிட்டால் யோசிக்க வேண்டும். பாட்டில் எந்தக் காலத்தது என்பதை லேபிளிலேயே ஓரளவு படித்துவிடலாம். 70 டிகிரி புரூஃப் (சாராய வீரியத்துக்குப் பழைய பிரிட்டிஷ் அளவு) என்றும் 26⅔ திரவ அவுன்ஸ் என்றும் போட்டிருந்தால் 1980-க்கு முந்தைய பிரிட்டன் சரக்கு. 75 சென்டிலிட்டர் என்றால் பெரும்பாலும் 1980கள். 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் 70தான். அந்த 70 டிகிரி புரூஃப் நம் கணக்கில் 40 சதவீதம்தான் என்று தெரியாமல், "எழுபதா, தொண்டை வெந்துடாது?" என்று நானே ஒருமுறை பயந்திருக்கிறேன்.

நான் குறிவைத்தது 1982-இல் காய்ச்சி, எல்ஜின் ஊர் கார்டன் அண்ட் மெக்ஃபெயில் நிறுவனம் 'கானசர்ஸ் சாய்ஸ்' வரிசையில் அடைத்த செயிண்ட் மேக்டலீன், 43 சதவீதம். மளிகைக் கடையாக 1895-இல் தொடங்கியவர்கள் அவர்கள். மற்றவர்கள் காய்ச்சியதைப் பீப்பாயில் வாங்கி வைத்து முதிரவைத்து விற்பது அவர்கள் தொழிலாக இருந்தது; புதிதாக வாங்கி நிரப்புவதை 2024 முதல் நிறுத்திவிட்டார்கள். மூடிய டிஸ்டிலரிகளை நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் தொட முடிகிறதென்றால் அதில் பாதிப் புண்ணியம் இவர்களுக்கு. ஆலை முதலாளியே தண்ணீர் சேர்க்காமல் அறுபது சதவீதத்துக்கு மேல் அடைத்த 'ரேர் மால்ட்ஸ்' வரிசை லின்லித்கோ ஒன்று அதே ஏலத்தில் இருந்தது. அதன் விலை போன போக்கைப் பார்த்துவிட்டுத் தாவலை மூடிவிட்டேன்.

280 பவுண்டுக்கு மேல் ஒரு பென்ஸ்கூட இல்லை என்று சத்தியம் செய்துகொண்டு உச்ச வரம்பைப் போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கிறது. போன் ஒளிர்ந்தது. யாரோ 290. இந்தக் கடையில் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் நேரம் நீண்டுகொண்டே போகும். அதாவது பூசாரி மூன்றாம் தரம் சொல்லவே மாட்டார். மாவுக் கையோடு 300 என்று தட்டினேன். அந்தப் பக்கம் மௌனம். கிரைண்டரை நிறுத்தினேன். மௌனம் எனக்குத்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது, என்னை நானே 310 என்று தட்டப் போனேன். நல்லவேளை, 'நீங்கள்தான் முன்னணியில் இருக்கிறீர்கள்' என்று எச்சரித்தது. இதற்காகவே இந்தத் தளத்துக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம். உடனே அந்தப் பக்கத்திலிருந்து 310 வந்தது. 320 என்றேன். முடிந்தது. உளுந்து பொங்கி வழிந்திருந்தது.

அதே இரவில், சூடு ஆறுவதற்குள், எட்டு வருடம் பீப்பாயில் முதிர்ந்த பழைய கிளென் மோர் பாட்டில் ஒன்றையும் எடுத்தேன். அதுவும் கார்டன் அண்ட் மெக்ஃபெயில் அடைத்தது, 75 சென்டிலிட்டர், 95 பவுண்டு. லிஸ்டில் இல்லாதது. சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போய்க் கருவாடும் வாங்கி வருவது மாதிரி.

கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏலத்தில் 415 பவுண்டு. அதன்மேல் பத்து சதவீதம் கமிஷன், 41.50. கமிஷன்மேல் இருபது சதவீதம் வாட் வரி, 8.30. தபால் 14. ஆக 478.80. மூன்று சதவீதக் காப்பீடு வேண்டுமா என்று கேட்டது. பன்னிரண்டு பவுண்டு சொச்சம். ஐநூறு பவுண்டை நெருங்கிய பிறகு பன்னிரண்டு பவுண்டில் சிக்கனம் பிடிக்கும் குணம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. வேண்டாம் என்றேன்.

பெட்டி எட்டாம் நாள் வந்தது. வாசலில் நின்ற பையன் வயதுச் சான்று கேட்டான். எனக்கு நாற்பத்து நான்கு, சந்தோஷமாகவே காட்டினேன். "உங்கள் கணவருக்கா?" என்றான் அடுத்து. அந்தச் சந்தோஷம் அங்கே தீர்ந்தது.

அவன் போனதும் பெட்டியை மோந்து பார்த்தேன். ஈர அட்டையும் தேனும் கலந்த வாசனை. கிளென் மோரைப் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாற்பது வருடம் நெருங்கிய திருகுமூடி அது. வழியெல்லாம் கசிந்து, படத்தில் கழுத்தில் நின்ற திரவம் தோளைத் தாண்டி இறங்கிவிட்டது. விஸ்கிப் பாட்டிலை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒயின் மாதிரிச் சாய்த்து வைத்தால் சாராயம் தக்கையைத் தின்றுவிடும், திருகுமூடி என்றால் உள்ளே இருக்கும் வட்டத்தை ஊறவைத்துவிடும். பாட்டிலே இவர்களுக்குச் சோறு போடுகிறது, இது தெரியாதா?

படம் எடுத்து அனுப்பினேன். பழைய மூடிகளின் கசிவுக்கு வாங்குபவரே பொறுப்பு என்று விதிமுறைப் பத்தியை ஒட்டிப் பதில் வந்தது. காப்பீடு கட்டியிருந்தாலும் அது கசிவுக்குப் பொருந்தாதாம், ஆக அப்பாவின் குணத்தால் நஷ்டமில்லை. மூடி பழையது என்பதல்ல என் குற்றச்சாட்டு, படுக்கவைத்தது யார் என்பதுதான் என்று இரண்டாவது மடல். பதிலில்லை. மூன்றாவது மடலுக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உண்மையிலேயே வருத்தப்பட்டுப் பேசினார். அந்தப் பாட்டிலுக்கான கமிஷன் 11.40-ஐத் திருப்பிக் கொடுத்து, அதற்குமேல் 30 பவுண்டும் போட்டார்கள். பத்தொன்பது நாள் ஆனது. பேசியவர் நல்ல மனிதர், கட்டியவர் யாரோ, எனவே பெயர் வேண்டாம். படங்களுக்குப் பத்தில் ஒன்பது, பொட்டலத்துக்கு மூன்று.

இனி பாட்டில். லின்லித்கோவைத் திறக்கும்போது தக்கை பாதியில் முறிந்தது. இதற்கு நான் தயாராகவே இருந்தேன். மிச்சத்தைத் தோண்டி எடுத்து, தூள் போக, அலசிக் காயவைத்த பழைய வேட்டித் துணியை டீ வடிகட்டிமேல் விரித்து வடிகட்டினேன். 1982-இல் காய்ச்சிய சரக்கு, எவர்சில்வர் டீ வடிகட்டி வழியாக. காய்ச்சியவர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

நிறம் வெளுத்த தேன். முதலில் மூக்குக்கு ஒன்றும் வரவில்லை, பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் வரும் காகித வாசனையைத் தவிர. பயந்துவிட்டேன். இருபது நிமிடம் விட்டதும் மெல்லப் பேச ஆரம்பித்தது. காய்ந்த வைக்கோல், எலுமிச்சைத் தோல், அணைந்த மெழுகுவர்த்தி. வாயில் லேசான இனிப்பு, அப்புறம் வெட்டிய புல்லின் பச்சை. கடைசியில் ஒரு கசப்பு, வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தைக் கடித்தது போல. எங்கோ தூரத்தில் யாரோ சருகு எரிக்கிற புகை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன், தப்பு செய்துவிட்டேன், உடம்பே இல்லாமல் போயிற்று. 43 சதவீதத்துக்கே தண்ணீர் சேர்த்துத்தான் அடைக்கிறார்கள், நான் வேறு ஏன்?

நல்ல விஸ்கியா? நல்ல விஸ்கிதான். 320 பவுண்டு விஸ்கியா? இல்லை. கண்ணைக் கட்டிக் கொடுத்திருந்தால் எழுபது பவுண்டு என்று சொல்லியிருப்பேன். மிச்சம் 250-ஐ அந்தப் பகோடாவுக்கும் திரைச்சீலைகளுக்கும் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குப் புகார் இல்லை, தெரிந்தே கொடுத்தேன். இன்னொரு தமாஷ் என்னவென்றால், கசிந்து வந்த அந்தக் கிளென் மோர்தான் எனக்கு அதிகம் பிடித்தது. கருப்பட்டியும் ஈர மண்ணும் கலந்த, கொஞ்சம் முரட்டுத்தனமான சரக்கு. எட்டு வருடம்தான் மரத்தில் இருந்தது. அந்த டிஸ்டிலரியை 1980களிலேயே இடித்துவிட்டார்கள். இன்வர்னஸ் போனால் அந்த இடத்தில் கார் நிறுத்திச் சாமான் வாங்கலாம். பார்க்கக் கட்டடமே இல்லாததால்தான் விலை குறைவோ என்னவோ. மீதியைச் சின்னச் சின்ன மருந்துப் பாட்டில்களில் விளிம்புவரை ஊற்றி மூடி வைத்தேன். காற்று படப்படக் கெடும், பாதி காலியான பாட்டிலை வருடக்கணக்கில் அலமாரியில் வைத்து அழகு பார்க்கக் கூடாது.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் அரைகுறை. என் வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், அதனால் இந்தப் பகுதியில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் அதிகம். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஈஸ்ட் கில்பிரைடில் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. 1950, 60களில் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பிறகு வருடா வருடம் குறைந்து வருகிறது. பார்லி அந்தக் காற்றைத்தான் சுவாசித்து வளர்கிறது. ஆகவே சில சொட்டு விஸ்கியில் கார்பனை அளந்தால் பார்லி எந்தக் காலத்தில் விளைந்தது என்று சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டு என்று லேபிள் ஒட்டிய பாட்டிலுக்குள் அணுகுண்டுக் கார்பன் இருந்தால் கதை முடிந்தது. 2018-இல் இப்படி 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 சரியில்லை. அதற்கு முந்தைய வருடம் சுவிட்சர்லாந்து ஓட்டல் ஒன்றில் 1878-ஆம் வருட மெக்கல்லன் விஸ்கி என்று சொல்லி ஏறக்குறைய பத்தாயிரம் பிராங்குக்கு ஒரு கிளாஸ் விற்றார்கள். சோதித்தால் 1970களின் கலவை விஸ்கி. ஓட்டல்காரர் குடித்தவரைத் தேடிப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். முந்நூறு பவுண்டுப் பாட்டிலுக்கு யாரும் கார்பன் சோதனை செய்யப் போவதில்லை, போலி செய்பவனும் அவ்வளவாக மெனக்கெடமாட்டான். இந்த விலையில் வாங்குவதில் அது ஒரு நிம்மதி.

நீங்கள் இறங்குவதாக இருந்தால் இப்போது மோசமான நேரமில்லை. 2022-க்குப் பிறகு ஏல விலைகள் இறங்கியிருக்கின்றன, லாபத்துக்கு வாங்கியவர்கள் முகம் தொங்கிக் கிடக்கிறது. மூடியவை என்ற பட்டியலே சுருங்குகிறது. ப்ரோரா 2021-இல் திறந்துவிட்டது. ஃபால்கர்க் கால்வாய்க் கரையில் 1993-இல் மூடிய ரோஸ்பேங்க் 2023-இல் மறுபடி காய்ச்சத் தொடங்கியது. அங்கே செப்புக் கொப்பரைகளையே திருடிக்கொண்டு போயிருந்தார்கள், புதிதாகச் செய்து வைத்தார்கள். போர்ட் எலன் 2024-இல். லின்லித்கோவுக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை. குடியிருப்பவர்களை எழுப்பிவிட்டு யார் கொப்பரை வைப்பது?

அந்தக் கடைக்கு மறுபடி போவேனா என்றால், போவேன். ஆனால் பாட்டிலை நேரில் போய்க் கையில் வாங்கிக்கொள்வேன், அதற்கு அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு வரலாம். கிடங்கு இருக்கும் ஊருக்குப் போகும் ரயில் லின்லித்கோ வழியாகப் போகாது, அது ஒன்றுதான் குறை.